அஸ்வினி பேசிய நாற்பத்தொரு விநாடி

ஃப்ளைட் மோடில் போட்டுவைத்த போன் அடித்தது.

திண்டிவனத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறை அது. ஜன்னலை அடைத்து, எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, மின்விசிறியின் சத்தம்கூட ஆகாது என்று அதையும் நிறுத்திவிட்டு, மத்தியானம் மூன்று மணிப் புழுக்கத்தில், பசை வாடைக்கும் தன் வேர்வை வாடைக்கும் நடுவில் பூவரசன் நேரலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். எதிரே லேப்டாப். ஓரமாகத் தன் யூடியூப் சேனலுக்கென்று ஒரு போன். சொந்தப் போனை யாரும் கூப்பிட்டுக் கெடுக்காமலிருக்க அடக்கி வைத்திருந்தான். அதுதான் அடித்தது. திரையில் ‘வீடு’ என்று வந்தது. மேலே சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

எட்டு வருடம் செல்போன் டவர்களில் ஏறி இறங்கி வேலை பார்த்தவன். சிக்னல் இல்லாத போன் அடிக்காது என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. போன் பழசாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எடுத்தான்.

முதலில் காற்று. ஓடுகிற பஸ்ஸில் தலையை வெளியே நீட்டினால் காதில் அறையுமே, அந்தக் காற்று. அதற்கு அடியில் நிறைய பேர் ஒரே நேரத்தில் எதையோ முணுமுணுக்கும் சத்தம். அப்புறம் கவிதாவின் குரல். விழுப்புரத்தில், வீட்டில் தனியாக இருக்கும் அவன் மனைவி.

"பூவரசன், நான் கவிதா பேசறேன். வாசல்ல நெறைய பேர் வந்து நிக்கிறாங்க."

அவன் வைத்துவிட்டான். சிரிப்புகூட வந்தது.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் கடத்தப்பட்ட ஒரு விமானம் மரக்காணத்துக்குக் கிழக்கே கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. விழுவதற்குச் சற்று முன் அதிலிருந்த அஸ்வினி என்ற பெண், பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்த தன் கணவன் பிரான்சிஸைக் கூப்பிட்டு நாற்பத்தொரு விநாடி பேசினாள். அந்தப் பதிவைக் கேட்டு நாடே அழுதது. பூவரசன் மட்டும் அது போலி என்று வீடியோ போட்டான். ஆகாயத்தில் டவர் கிடைக்காது என்றான். சாகப்போகிறவள் அழாமல் பேசுவாளா என்றான். மூன்றாவதாகச் சொன்னதுதான் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. "பிரான்சிஸ், நான் அஸ்வினி பேசறேன்னு ஆரம்பிக்குது. நம்ம பக்கம் எந்தப் பொம்பள புருசன் பேர சொல்லிக் கூப்புடறா? ஏங்கன்னுதான வாயில வரும்? இது எவனோ வெளியூர்க்காரன் கம்ப்யூட்டர்ல செஞ்ச கொரலுங்க." பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அந்த விமானம் கடைசியில் கரையோரத் தென்னை மரங்களை உரசுகிற மாதிரித் தாழப் பறந்தது என்பதும், அந்த உயரத்தில் டவர் தாராளமாகக் கிடைக்கும் என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டான்.

வீடியோ பார்த்தவர்களில் நாற்பது பேர் வண்டி கட்டிக்கொண்டு பிரான்சிஸ் வீட்டுக்குப் போய், நடிகன் வெளியே வாடா என்று கத்திக் கல்லெறிந்தார்கள். ஒரு கல் அவன் தாய் சவுரியம்மாளின் நெற்றிப்பொட்டில் பட்டது. வாசற்படியிலேயே அவள் உயிர் போயிற்று. பூவரசன் அதற்கும் ஒரு வீடியோ போட்டான், ரத்தத்தின் நிறம் சரியில்லை என்று.

ஆகவே யாரோ பழிவாங்க ஏஐயில் கவிதாவின் குரலைச் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்ட அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் கவிதா ஒரு தடவைகூட அவன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, அது ஒரு மரத்துப் பேருங்க, அட்டையில இருக்குது பாருங்க என்பாள். செய்தவன் இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்துவிட்டான், பாவம்.

நேரலையைத் தொடங்கினான். போன் மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாருங்க மக்களே. என் பொண்டாட்டி கொரல்லயே செஞ்சி அனுப்பிக்கினு இருக்கானுங்க. கேட்டுடலாம். ஏம்மா, காலைல நம்ம வூட்ல என்னா சாப்பாடு?"

"கேப்பக் கூழு. மல்லாட்டத் தொவையல். காரம் பத்தலன்னு திட்டிட்டுப் போனீங்க." காற்று அவள் குரலைத் தின்றது. அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "கதவ ஒடச்சிட்டாங்க. எல்லாரும் நனைஞ்சி நிக்கிறாங்க. இடுப்புல பெல்ட் தொங்குது. நீங்க நம்பற வரைக்கும் பேச சொல்றாங்க. நம்பலன்னா ஒவ்வொரு வெரலா எடுப்பாங்களாம்."

அவன் முதுகில் வேர்வை குளிர்ந்தது. ஆனால் இரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் தன் பழக்கத்தில் பேசியது.

"போன்ல மைக்கு எந்நேரமும் நம்மள கேட்டுக்கினுதான் கெடக்குது. கூழு குடிச்சது தெரியாதா அவனுங்களுக்கு? அழுவாம பேசுது பாருங்க. நான் நம்பல."

ஸ்பீக்கரில் ஒரு சத்தம். முருங்கைக்காயை ஒடிப்பது போல. சின்னச் சத்தம்தான்.

கவிதா அலறினாள்.

ஒருமுறை கொதிக்கும் எண்ணெய் காலில் கொட்டியபோது அவள் அலறியிருக்கிறாள். முதலில் மூச்சு அடைத்து, பிறகு கிளம்பும் அலறல். அதே அலறல். சேனல் போனை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சக்கரபாணியைக் கூப்பிட்டான். இரண்டு தடவை தப்பாக அழுத்தினான்.

"ஐயா, எங்க வூட்ட கொஞ்சம் எட்டிப் பாருங்க. ஜல்தியா."

"இங்கதான் தம்பி நிக்கிறேன். கதவு பேர்ந்து கெடக்குது. கூடமெல்லாம் தண்ணி. வாயில வெச்சிப் பாத்தேன், உப்பு கரிக்குது."

விழுப்புரத்தில் கடல் கிடையாது.

"கவிதா எங்கய்யா?"

"யாருமே இல்லப்பா. பால் பொங்கி ஊத்திக்கினு கெடக்குது." சக்கரபாணியின் குரல் இறங்கியது. "தரையில ஒரு வெரல் கெடக்குது தம்பி. மோதரத்தோட."

பூவரசன் சொந்தப் போனின் மேல் கவிழ்ந்தான். "நம்பறேன். கவிதா, நம்பறேன்மா. ஏம்மா என் பேர சொல்லிக் கூப்புட்ட? அதனாலதானே நான்..."

"ஏங்க ஏங்கன்னுதான் கத்தனேன்." அவள் விம்மினாள். "இங்க எல்லாருமே யாரையோ கூப்புட்டுக் கத்தறாங்க. பேர சொன்னாதான் உங்க காதுல விழும்னு சொன்னேன்."

அஸ்வினியும் அதனால்தான் பிரான்சிஸின் பேரைச் சொன்னாள். இத்தனை நாள் கழித்து, இப்படியா புரிய வேண்டும்.

"நீங்க நம்பினா போதாதாம்," என்றாள் கவிதா. "ஒங்கள பாத்துக்கினு இருக்கறவங்க நம்பணுமாம். ஒவ்வொருத்தரும்."

நாலாயிரத்து முந்நூறு பேர்.

அவன் கேமராவைக் கும்பிட்டான். "மக்களே, அஸ்வினி பேசினது நெஜம். ப்ளேன் தாழ வந்தது எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன். பொய் சொன்னேன். சவுரியம்மா செத்ததும் என்னாலதான். நம்புங்க. என் பொண்டாட்டிய கொல்றாங்க."

கருத்துகள் ஓடின.

பூவரசன் அண்ணன் இப்படிப் பேச மாட்டார்.

உதடும் குரலும் ஒட்டவில்லை, கவனியுங்கள்.

மிரட்டிச் சொல்லவைக்கிறார்கள்.

கண்ணில் தண்ணீரே இல்லை. போலி.

ஸ்பீக்கரில் ஒடிந்தது. ஒடிந்தது. ஒடிந்தது. ஒடிந்தது. அலறல் இப்போது ஒரே இழுப்பாக, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் வந்தது.

மேஜையில் அட்டை வெட்டும் கத்தி கிடந்தது. இடது கைச் சுண்டுவிரலை விளிம்பில் வைத்தான். கேமராவுக்குத் தெரிகிற மாதிரி. முதல் வெட்டில் எலும்பு தடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியின் முதுகில் உடம்பின் பாரத்தை வைத்து அழுத்தினான். நறுக்கென்று போயிற்று. கையைத் தூக்கிக் காட்டினான். ரத்தம் முழங்கை வழியாகக் கீபோர்டில் சொட்டியது.

"இப்பவாவது நம்புங்க."

ரத்தத்தின் நிறம் சரியில்லை என்று ஒருவர் எழுதினார். எண்ணூறு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள். ஸ்பீக்கரில் ஒடிவதும் நிற்கவில்லை.

மோதிரவிரலை வைத்தான். வெட்டினான்.

பின்னாடி கிராபிக்ஸ் சூப்பர் அண்ணா என்றது அடுத்தது. செம செட்டு. ப்ளேன் உள்பக்கம் மாதிரியே இருக்கு.

அவனுக்கு விளங்கவில்லை. லேப்டாப்பில் தெரிந்த தன் படத்தைப் பார்த்தான்.

அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக இருக்கைகள். ஈரத் தலைகள். ஊதிப்போன முகங்கள். எல்லோர் காதிலும் போன். எல்லோர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

திரும்பினான். முட்டை அட்டை. சுவர். வேறொன்றுமில்லை.

மறுபடி திரையைப் பார்த்தான். நடுவழியில் கவிதாவை இழுத்து வந்தார்கள். வழியோரத்தில் ஒரு இருக்கை காலி. அதில் உட்காரவைத்தார்கள். விரலில்லாத இரண்டு கைகளை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அவனைத்தான் பார்த்தாள். இருபக்கமும் இருவர் குனிந்து அவள் இடுப்பில் பெல்ட்டைப் பூட்டினார்கள்.

பிறகு இழுத்தார்கள்.

"விடுங்க," என்றான் பூவரசன் சுவரைப் பார்த்து. "அவள விடுங்க."

ஒன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட் சேலைக்குள் இறங்கியது. சேலை சிவந்தது. இருவரும் இருக்கையில் காலை ஊன்றிக்கொண்டு, கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்கள் போல மாறி மாறி, இன்னும் இழுத்தார்கள்.