நிலவறையில் விட்டு வந்தவர்

லெஷெக்கின் வீரன் கையில் வாள்தான் இருந்தது, பந்தம் இல்லை. ஆனாலும் ஹெட்போனுக்குள் தீப்பந்தம் எரியும் சடசடப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. பழைய கணினி விளையாட்டு, அதில் ஒலிகள் இடம் மாறிக் குழம்புவது உண்டு. ஆனால் வீரன் நின்றால் அந்தச் சத்தமும் நின்ற இடத்திலேயே எரிந்தது, நடந்தால் நாலடி பின்னால் தள்ளி நடந்து வந்தது. திரையில் திருப்பிப் பார்த்தான். பனி மூடிய சாலையும் பைன் மரங்களும் கிடந்தன, வேறு யாருமில்லை.

அந்த விளையாட்டில் பந்தம் பிடித்துக்கொண்டு வருகிற ஆள் ஒருவர் உண்டு. ஓர்டன் என்று பெயர், முட்டிவலிக்காரக் கிழவர். தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டமாயிற்றே, துணைக்கு இருக்கட்டும் என்று அதைச் செய்தவர்கள் சேர்த்துவிட்ட ஆள். துணையாவது ஒன்றாவது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார், பதுங்கிப் போகவேண்டிய இடத்தில் இருமித் தொலைப்பார், நாலு படி ஏறுவதற்குள் எதிரி வந்து நிற்பான். அதனால் இதை ஆடுகிற எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். தொடக்கத்திலேயே மாவு ஆலையின் நிலவறைக்கு அவரைக் கூட்டிப்போய், ‘இங்கேயே இரு’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கம்பி நீட்டிவிடுவார்கள். கிழவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். அப்படி எத்தனை பேர் கணினியில் அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று இணையத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். லெஷெக்கும் அதில் சிரித்தவன்தான்.

மாலை நாலரை மணிகூட ஆகவில்லை, ஜன்னலுக்கு வெளியே போலந்தின் கத்தோவித்சே நகரம் இருட்டிவிட்டது. நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள். ஊரே சாமந்திப்பூவும் கண்ணாடி விளக்குமாகக் கல்லறைகளுக்குப் போயிருந்தது. மேல்வீட்டில் எப்போதும் ஓடுகிற தொலைக்காட்சி இல்லை, கீழ்வீட்டு நாய் இல்லை, லிஃப்ட் நகரவில்லை. பத்து மாடிக் கட்டடத்தில் தான் ஒருவன் மட்டும் ஒளிந்துகொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. உண்மையும் அதுதான். அக்கா யோலாவிடம் காய்ச்சல் என்று புளுகியிருந்தான்.

செல்போன் அதிர்ந்தது. அவள்தான். பின்னணியில் கல்லறைக் கூட்டத்தின் சலசலப்புக் கேட்டது. விளக்கு ஏற்றியாயிற்று, காற்றில் இரண்டு அணைந்துவிட்டன என்றாள். அத்தையெல்லாம் அவனை எங்கே என்று கேட்டார்களாம்.

“காய்ச்சல்னா நம்பறேன்டா. ஆனா புதைச்ச பிறகு நீ இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. அப்பா என்ன உன்னைக் கடிச்சா வெக்கப் போறார்?”

அவன் மவுஸின் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நீ ரொட்டி வாங்கத்தானடா கடைக்குப் போனே. அந்த நேரம் பாத்து அவருக்கு இதயம் நின்னுபோச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். எதுக்கு உன்னையே தின்னுக்கறே?” என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, சூப்பும் கசகசா கேக்கும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு வருவதாகவும், முகத்தைக் கழுவிக்கொண்டு மனுஷனாக இருக்கும்படியும் சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் பரிவாகப் பேசும்போதுதான் அவனுக்குக் கூசியது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பான்.

மார்ச் மாதத்தில் நடந்தது. அப்பா குளியல் தொட்டியில் இறங்கினால் தானாக எழுந்திருக்க முடியாது, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கவேண்டும். அன்று இரண்டு தடவை கூப்பிட்டார். லெஷெக் விளையாட்டில் கோட்டைக்குள் நுழைந்து வெகுநேரமாகியிருந்தது, ஆட்டத்தைச் சேமித்து வைக்க அங்கே வழியில்லை, பாதியில் விட்டால் எல்லாம் முதலிலிருந்து. ‘இருப்பா, வரேன்’ என்று கத்திவிட்டு ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டான். அவன் வெற்றியோடு எழுந்தபோது ஜன்னல் கறுத்திருந்தது. அப்பா தொட்டியின் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிட்டிருந்தார். வெறும் தொட்டியில் ஈரத்தோடு உட்கார்ந்து, ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தபடி, தலை தொங்கிப்போயிருந்தார். கண் பாதி திறந்திருந்தது.

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. அதுதான் அவன் யாரிடமும் சொல்லாதது. தொடுவதற்கு முன்பே, யோலாவிடம் என்ன சொல்வது என்ற யோசனை வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். எத்தனை மணிக்கு உயிர் போனது என்று மருத்துவர் சொல்ல வாயெடுத்தபோது அவன் காதைக் கொடுக்கவில்லை, சமையலறைக்குள் போய்விட்டான். அன்றைக்கு மூடிய விளையாட்டை இன்றைக்குத்தான் திறந்தான். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதற்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஹெட்போனை மறுபடி மாட்டினான். சடசடப்பு இப்போது நெருக்கத்தில் கேட்டது, அதனடியில் வேறொன்றும் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் வைத்து எடுப்பதுபோல. பனியில் வீரனின் பூட்ஸ் தடத்துக்குப் பின்னால் இன்னொரு தடம் வந்திருந்தது. வெறுங்கால் தடம், ஐந்து விரலும் தெரிந்தன. இந்த விளையாட்டில் யாருக்கும் வெறுங்கால் கிடையாது.

அப்போதே மூடியிருக்கலாம். ஆனால் கிழவர் விட்ட இடத்திலேயே இருக்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனது அடங்கும் என்று நினைத்தான். வீரனை ஆலைக்குத் திருப்பினான். கதவு திறந்தது, மரப்படிகள் வழக்கம்போல முனகின. நிலவறையில் மாவு மூட்டைகள் இருந்தன, சிலந்திவலை இருந்தது, அவர் நின்றிருந்த சுவரும் இருந்தது. ஓர்டன் இல்லை. அவர் நின்ற இடத்தில் தரை நனைந்து பளபளத்தது.

சோப்பு வாசனை அடித்தது. அப்பா போடும் மலிவான பச்சை சோப்பின் வாசனை. அந்தக் கட்டி குப்பைக்குப் போய் மாதக்கணக்காகிறது.

வீரனைத் திருப்பினான்.

படியின் அடியில் ஓர்டன் நின்றிருந்தார். கவசம் இல்லை, மேலங்கி இல்லை, பந்தமும் இல்லை. ஒட்டிப்போன நரைமயிர். குறுகிய தோள். இந்த விளையாட்டில் முகங்களை நாலு கோட்டில் வரைந்திருப்பார்கள், ஆனால் அந்த நாலு கோட்டிலும் மூக்கு இடப்பக்கமாகக் கோணியிருந்தது. அப்பாவுக்குச் சுரங்க வேலையில் உடைந்து, சரியாக ஒட்டாமல் போன மூக்கு.

லெஷெக்கின் விரல் தானாகப் போய் அழுத்தியது. இங்கேயே இரு.

கிழவர் தலையை ஆட்டவில்லை. ஒரு படி ஏறினார்.

மறுபடி அழுத்தினான். இங்கேயே இரு. இங்கேயே இரு. அவர் ஏறிக்கொண்டே இருந்தார், திரையின் விளிம்பைத் தாண்டி மறைந்தார். நிலவறை காலியாகக் கிடந்தது.

ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே போட்டான்.

சத்தம் நிற்கவில்லை. அது நடைவழியிலிருந்து வந்தது.

சொட்டு. பிறகு பாதம். சொட்டு. இன்னொரு பாதம். முட்டிவலிக்காரர் நடக்கும் நடை, ஒரு கால் ஊன்றி ஒரு கால் இழுத்து. குளியலறையிலிருந்து இந்த அறைக்கு வருகிற தூரம் அவனுக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்கு ஒரு நாள் அவனால் எழுந்துபோக முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. அந்த நிலையிலும் அவன் மனதில் ஓடியது பேயும் அல்ல, சாவும் அல்ல. யோலா வந்துவிடுவாள், இவர் அவளிடம் சொல்லிவிடுவார் என்பதுதான். அப்படி ஓடியதை நினைத்து அவன் முகம் சுட்டது.

பாதங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன.

திரை தானாக அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதற்கு மேலே இன்னொரு தலை, தொங்கிப்போய், மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட. சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. பனிக்கட்டிபோல இருந்தது.

தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். அழுத்தவில்லை. எழுந்திருக்கப் பிடிமானம் தேடுகிறவர் வைப்பதுபோல வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“நீ கதவைச் சாத்திட்டுப் போறது கேட்டுதுடா, லெஷ்யூ,” என்றது குரல். கோபமே இல்லை. “என்னைத் தூக்க யாரையோ கூட்டிட்டு வரப் போறேன்னு நெனச்சேன்.”

 

வாசலில் மணி அடித்தது. யோலா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கை நிறையச் சாமான் இருக்கிறது, சீக்கிரம் திற என்றாள். தோளில் இருந்த கை நகரவில்லை. கறுத்த கண்ணாடியில் அந்தத் தலை மெல்ல நிமிர்ந்து, பாதி திறந்த கண்ணோடு, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தது.