ஒன்பதாம் எண்ணின் அனுமதி

காலியாக வர வேண்டிய பட்டியலில் ஒரு வரி இருந்தது.

பழைய டயர்களை அரைக்கும் ஆலை அது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. அந்தச் சான்றிதழின் மேல் அனுமதி உள்ளவர் மட்டுமே இயந்திரத்தை ஓட்ட முடியும். பற்களுக்கிடையே சிக்கிய கம்பியை எடுக்க ஆள் இறங்கும் முன், எல்லோருடைய அனுமதியையும் நீக்கிவிட்டு, கணினியிலிருந்து ஏபிஐ என்னும் மென்பொருள் இணைப்பு வழியாக ஒரு கேள்வி அனுப்ப வேண்டும்: இதை ஓட்ட யாருக்கு அனுமதி? காலிப் பட்டியல் வந்தால் இறங்கலாம். ஆள் வெளியே வரும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வி. இதுதான் அவன் வேலை. முன்பெல்லாம் மின்சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். பூட்டுகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன.

ஒன்பதாம் இயந்திரத்துக்குள் அவனுடைய அக்காவின் கணவர் இருந்தார். அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். இடுக்கியோடு ஏணியில் ஏறியவர், உங்க அக்கா கையிலேயே பத்து வருஷம் தாக்குப் பிடிச்சவன், இந்தப் பல்லு என்னை என்னடா பண்ணும் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். இரண்டு முறை கேட்டாயிற்று. இரண்டு முறையும் காலி. இது மூன்றாவது.

அனுமதி பெற்றவர்: இயந்திரம் ஒன்பது. அனுமதி தந்தவர்: இயந்திரம் ஒன்பது.

மேலே இருந்த கண்ணாடி அறைக்குள் சுட்ட ரப்பரின் நெடி எப்போதும் போல நாக்கில் படிந்திருந்தது. கூரைத் தகரத்தின் வழியே மதிய வெயில் கோடு கோடாக இறங்கி, காற்றில் மிதந்த கரும்பொடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கோ ஓர் இயந்திரத்தின் உறுமல் தரை வழியாக ஏறி, நாற்காலியின் காலைப் பிடித்து, அவன் முதுகுத்தண்டுக்குள் மெல்ல நடுங்கியது.

காலையில் செய்த பிழை நினைவுக்கு வந்தது. ஓட்டுநரின் எண்ணை இட வேண்டிய கட்டத்தில் ஒன்பதாம் இயந்திரத்தின் எண்ணையே இட்டுவிட்டான். ஓட்டவும், அனுமதி தரவும், பறிக்கவும் முழு உரிமை. பார்த்ததும் அழித்தான். அரை நிமிடம் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் அழித்தான். மறுபடி கேட்டான். வரி இருந்தது.

வாக்கி டாக்கியை எடுத்தான்.

“அத்தான், வெளிய வாங்க.”

“ஒரே ஒரு கம்பிடா மாப்ள. பாதி வந்துருச்சு.”

“கம்பி கெடக்கட்டும். ஏறி வாங்க.”

“ஏன், மேனேஜர் வர்றாரா?” சிரித்தார்.

“அத்தான், அந்தப் பல்லுங்க மேல நிக்காதீங்க.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. ஏணியில் பூட்ஸ் படும் ஓசை கேட்டது. ஒரு படி. இரண்டு படி. அதன் பிறகு இயந்திரத்தின் மேல்மூடி இறங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல் இறங்கியது, தூங்குகிறவரின் அறைக் கதவைச் சாத்துவது போல.

நிறுத்தும் கட்டளையை அனுப்பினான். உங்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானைக் குத்தினான். திரையில் அதே பதில்.

கதவுக்கு ஓடினான். கழுத்து அட்டையைக் காட்டினான். திறக்கவில்லை. மறுபடி காட்டினான். அட்டைக்குள் இருந்ததும் ஒரு சான்றிதழ்தான்.

“மாப்ள, மூடிடுச்சுடா. இருட்டா இருக்கு.”

பற்கள் சுழன்றன.

அலறல் வாக்கி டாக்கியில் வந்தது. பிறகு கண்ணாடியைத் தாண்டியும் வந்தது. நாற்காலியால் கண்ணாடியை அடித்தான். நாற்காலியின் கால் முறிந்தது. கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. முஷ்டியால் அடித்தான். விரல் முட்டிகள் பிளந்து கண்ணாடி சிவந்தது.

கடினமான பொருள் சிக்கினால் பற்கள் பின்னோக்கிச் சுழன்று, அதை மேலே தள்ளிவிட்டு, மீண்டும் கவ்வும். எலும்பு கடினமான பொருள். முழங்கால் வரை இழுத்தது. தள்ளியது. இடுப்பு வரை இழுத்தது. தள்ளியது. ஒவ்வொரு முறையும் அவர் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு முறையும் அவன் பெயர் கேட்டது. பிறகு அக்காவின் பெயர். பிறகு பெயராக இல்லாத ஏதோ ஒன்று. ஈரத் துணியைக் கிழிக்கும் ஓசை. உறுமல் சீரானது.

கீழே ரப்பர்த் துண்டுகள் வெளிவரும் பட்டை நகர்ந்தது. முதலில் இடுக்கி வந்தது, நான்காக. அதன் பின்னால் வந்தவற்றிலிருந்து ஆவி எழுந்தது.

அவன் மண்டியிட்டிருந்தான். கண்ணாடியில் வழிந்த தன் ரத்தத்தின் ஊடே கூடத்தின் மறுபாதி தெரிந்தது. நடுவில் டயர் மலை. அந்தப் பக்கம் நிற்பவர்களின் கண்ணில் ஒன்பதாம் இயந்திரம் படாது. காதுகளை இறுக மூடிய கவசம் அணிந்த நான்கு பேர், கையில் இடுக்கியோடு, தங்கள் தங்கள் இயந்திரத்தின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டியல் காலியானால் அது பச்சையாகும்.

பத்தில் பச்சை. பதினொன்றில் பச்சை.

அவற்றில் யாருடைய அனுமதியையும் அவன் நீக்கவில்லை.

பன்னிரண்டில் பச்சை. பதின்மூன்றில் பச்சை.

இரண்டு கைகளாலும் அடித்தான். கத்தினான். தொண்டை கிழிந்தது. நான்கு பேரில் ஒருவர் தலையை உயர்த்தி அவன் பக்கம் பார்த்தார். சிவந்த கண்ணாடிக்குப் பின்னால் கையசைக்கும் உருவம் ஒன்று தெரிந்திருக்கும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு ஏணியில் கால் வைத்தார். மற்ற மூவரும் வைத்தார்கள்.

நான்கு மூடிகளும் அகலத் திறந்திருந்தன.