இன்ஷாவுக்கு மட்டும் விழுந்த பந்து

"நான் எறிஞ்சா பந்து கூடையில விழுது. அதுதான் நான் செஞ்ச குத்தமாம், அக்கா!"

உட்காரச் சொல்வதற்குள்ளேயே தஸ்லீமா இதைக் கொட்டிவிட்டாள். அழுது வீங்கிய முகம். ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையைப் பார்த்த அறை அது. ஒரு ரயில் கடந்து போகும்வரை பொறுத்திருந்து, வேலம்மா டீ கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் காணாமல் போன சரக்கையும் துருவிப் பார்த்தவர், இப்போது சொந்தமாகத் துப்புத் துலக்குகிறார். யார் கத்தினாலும் அவர் குரல் உயராது. அவருக்கும் சேர்த்துக் கொதிப்பதற்கு உதவியாளர் இன்ஷா இருந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் வேலம்மா.

பசுந்தாங்கில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனி. அங்கே கூடைப்பந்து விளையாட்டு ஒன்று தயாராகிறது. பட்டனை அழுத்தும் வேலை இல்லை. இரண்டு கையிலும் கைப்பிடிகளை மாட்டிக்கொண்டு நிஜமாகவே குதித்து எறிய வேண்டும்; அந்த அசைவைப் பார்த்துக் கம்ப்யூட்டர் திரையில் பந்தை எறியும். எது எறிதல், எது வெறும் கையாட்டல் என்று கம்ப்யூட்டருக்குப் படித்துக் கொடுக்க, தஸ்லீமா மாதக்கணக்கில் தனியாகக் குதித்துக் குதித்துத் தன் அசைவுகளைப் பதிவு செய்தாள். தங்கை கல்யாணத்துக்காகத் தாகேதாவுக்கு லீவில் போனாள். திரும்பி வந்தால், டீம் லீடர் கார்த்திகேசன் அவ்வளவையும் தன் வேலை என்று முதலாளிக்குக் காட்டிவிட்டிருந்தான்.

"காட்டினப்ப அவருக்குப் பந்து போகலை. முதலாளிக்கும் போகலை. உடனே, 'தஸ்லீமா பொறாமைல என் வேலையைக் கெடுத்து வச்சிருக்கா'ன்னுட்டாரு. நான் வந்தப்புறம், எனக்கு விழுதேன்னு எறிஞ்சு காட்டினேன். 'பாத்தீங்களா, அவளுக்கு மட்டும் விழுற மாதிரி செஞ்சிருக்கா'ன்னாரு. வேலை போச்சு. இன்னிக்கு மத்தியானம் ஊர்ல உள்ள எல்லாக் கம்பெனிக்கும் என் பேரை எழுதி அனுப்பப் போறாங்க. அப்புறம் ரங்கூன்ல எனக்கு யாருக்கா வேலை கொடுப்பாங்க?"

"பதிவு யார் பேர்ல இருக்கு?"

"அவர் பேர்லதான். கரண்ட் போனா பேட்டரியில ஓடுறது அவர் மேசைக் கம்ப்யூட்டர் ஒண்ணுதான். எல்லாரும் அதுலதான் உக்காருவோம். யார் செஞ்சாலும் அவர் பேர்தான் விழும்."

"நீ லீவுல போறப்ப வேலை முடிஞ்சிருந்துச்சா?"

"இல்லக்கா. ஒவ்வொரு தடவை குதிச்சப்புறமும் நின்னது, மூச்சு வாங்கினது எல்லாம் பதிவுல அப்படியே கெடந்துச்சு. வந்து வெட்டி எடுக்கலாம்னு விட்டுட்டேன்."

இன்ஷாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அநியாயமா இருக்கே! உழைச்சது நீ, பேரு அவனுக்கு. கெட்டுப்போனா மட்டும் பழி உனக்கா? வாங்கக்கா, இப்பவே போயி அந்த மூஞ்சியைப் பாக்கணும்."

பசுந்தாங் மாடிப்படியை இன்ஷா மிதித்த மிதியில் கட்டடமே அதிர்ந்திருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் நெகிழ்ந்த தமேனை, பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் அந்தத் துணியை, இழுத்து இடுப்போரம் மடித்துச் செருகிக்கொண்டாள். வேலம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தையற்காரரிடம் கொடுத்துக் கொக்கி வைத்த தமேனைத்தான் அவர் உடுத்துவார்.

முதலாளி அப்துல் அஜீஸ், பர்மிய மரியாதைப்படி 'ஊ அஜீஸ்', நல்ல மனிதர்தான், ஆனால் கடைசியாகப் பேசியவர் பேச்சை நம்புகிறவர். கார்த்திகேசன் அப்படியல்ல. தஸ்லீமாவைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கட்டம் போட்ட கைலியை அவிழ்த்து உதறி, இரண்டு கையாலும் முன்பக்கம் முடிச்சை இறுக்கிப் போட்டுக்கொண்டான். சண்டைக்கு வருகிற தோரணை.

"இவளை யாரு உள்ள விட்டது?"

"நான்தான் தம்பி கூட்டிட்டு வந்தேன்," என்றார் வேலம்மா. "விளையாட்டை ஒரு தடவை காட்டுங்களேன்."

கார்த்திகேசன் கைப்பிடிகளை மாட்டிக்கொண்டு குதித்து எறிந்தான். திரையில் பந்து ஆட்டக்காரன் கையைவிட்டு அசையவே இல்லை. அஜீஸ் எறிந்தார், அதே கதி. வேலம்மாவும் எறிந்து பார்த்தார். அவருக்கும் பந்து போகவில்லை.

"பொம்பளைங்களுக்கு மட்டும் விழும்னு பாத்தேன், அதுவும் இல்ல," என்று முணுமுணுத்தவர், "இன்ஷா, நீ எறி," என்றார்.

இன்ஷா தமேனைச் சரிசெய்துகொண்டு எம்பினாள். பந்து வளைந்து போய்க் கூடைக்குள் விழுந்தது. மறுபடியும் இழுத்துச் செருகிக்கொண்டு எம்பினாள். மறுபடியும் விழுந்தது. அவளுக்கே வாய் பிளந்துவிட்டது.

"பாத்தீங்களா ஊ அஜீஸ்!" என்று கார்த்திகேசன் துள்ளினான். "இவளுங்க எல்லாம் ஒரே கூட்டு!"

"யாரைடா கூட்டுங்கிறே?" என்று பாயப்போன இன்ஷாவின் தோளை வேலம்மா தொட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கம்ப்யூட்டருக்குப் படிச்சுக் கொடுத்த பதிவுல இருக்கிறது யாரோட அசைவு?"

"என்னோடது. இதே எடத்துல, இதே கைலியைக் கட்டிக்கிட்டு நான் குதிச்சது. வேற ஒருத்தர் அசைவும் அதுல கெடையாது."

"முதலாளி முன்னாடி உறுதியாச் சொல்றீங்களா?"

"நூறு தடவை சொல்வேன்."

"ஒரு தடவை போதும். பதிவைப் போடுங்க."

திரையில் உடம்பு இல்லை, முகம் இல்லை. இரண்டு கைகளுக்கும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மட்டும். அவை மேலே எழும்பி எறிந்தன, இறங்கின. பிறகு ஒரு புள்ளி மட்டும் தனியாக இடுப்போரம் போய், ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் திரும்பியது. அடுத்த எறிதல். மறுபடியும் அதே புள்ளி இடுப்போரம். வேலம்மா எங்கெங்கோ தள்ளிப் போடச் சொல்லிப் பார்த்தார். ஆரம்பம் முதல் கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

"யாரோ ஒரு எடத்துல செருகி வச்ச கோளாறு இல்ல இது. முழுப் பதிவும் இப்படித்தான் இருக்கு," என்றார் வேலம்மா. "வெட்ட வேண்டியதை வெட்டாம, கிடைச்சதை அப்படியே கம்ப்யூட்டருக்கு ஊட்டியிருக்காங்க. அதனால கை இடுப்போரம் போனாத்தான் எறிதல் தொடங்குதுன்னு அது படிச்சுக்கிச்சு. இப்பப் பாருங்க."

அவர் கொக்கி வைத்த தமேனின் ஓரத்தைச் சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு எறிந்தார். பந்து கூடைக்குள் விழுந்தது. அஜீஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"கைலி அவிழ்ந்தா ஆம்பளை என்ன செய்வான்? கொஞ்சம் முன்னாடி தம்பியே செஞ்சு காட்டினாரு. ரெண்டு கையும் சேந்து முன்பக்கம் வரும். ஒத்தைக் கையால இடுப்போரம் செருகுறது தமேன் கட்டின பொம்பளை. குதிக்கக் குதிக்க நெகிழும், ஒவ்வொரு தடவையும் செருகணும்." வேலம்மா கார்த்திகேசன் பக்கம் திரும்பினார். "பதிவுல இருக்கிறது நீங்கதான்னு சொன்னீங்க. சரி. அப்படின்னா மாசக்கணக்கா நீங்க தமேன் கட்டிக்கிட்டுத்தான் குதிச்சிருக்கீங்க. இல்லைன்னா அது நீங்க இல்ல. எதுன்னு சொல்லுங்க."

கொடியில் காயும் தமேனுக்கு அடியில்கூட ஆண்கள் குனிந்து போகாத ஊர் அது. கார்த்திகேசனின் காது சிவந்தது.

"என்ன பேச்சுப் பேசுறீங்க! நானாவது, தமேன் கட்டுறதாவது! அதுல இருக்கிறது நான் இல்ல, அவதான்—"

மீதிப் பேச்சை விழுங்கிக்கொண்டான். அவனுக்கு அவமானம் வந்தது திருடியதற்காக அல்ல, தமேனுக்காக!

அஜீஸ் தொண்டையைச் செருமினார். "தஸ்லீமா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா."

"நடந்துபோச்சா?" என்று இன்ஷா வெடித்தாள். "ஒரு பொண்ணு பேரைத் தெருவுல இழுத்துட்டு, நடந்துபோச்சுன்னா ஆச்சா?"

தஸ்லீமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். காலையில் அழுத முகம் இப்போது காய்ந்திருந்தது.

"ஊ அஜீஸ், எல்லாக் கம்பெனிக்கும் என் பேரை எழுதி அனுப்பப் போறதாச் சொன்னீங்கல்ல? அனுப்புங்க. இந்த எறிதலைச் செஞ்சது யாருன்னு எழுதி அனுப்புங்க. அதைத் தன் பேர்ல எடுத்துக்கிட்டது யாருன்னும் எழுதுங்க. நாளைக்கு வர்றதைப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்."

அஜீஸ் ஒரு கணம் கார்த்திகேசனைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தில் அவள் பெயரைத் தட்டத் தொடங்கினார்.