எருதின் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

என் தங்கை நெய்வா இன்று இருந்திருந்தால் இந்தக் கதையை அவளே சொல்லியிருப்பாள், என்னைவிடச் சத்தமாக. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

எங்கள் பண்ணை இருந்த சாந்தா கத்தரீனா மலைகளில் அந்த ஆண்டு மழை விடவே இல்லை. மக்காச்சோளக் கதிர்களைத் தோலோடு களஞ்சியத்தில் அடைப்பது எங்கள் வழக்கம். அந்த முறை ஈரத்தோடு அடைத்துவிட்டோம். பிறகு உரித்துப் பார்த்தால், மணிகளில் இளஞ்சிவப்புப் பூஞ்சணம்.

எங்கள் தாய்ப்பன்றி கோர்தா அந்தச் சோளத்தைத் தின்று வாந்தி எடுத்தது. அதன்பின் தொட்டிப் பக்கமே வரவில்லை.

“செல்லம் குடுத்துக் கெடுத்தாச்சு” என்றார் அப்பா. “சனிக்கிழமை லாரி வருது, ஏத்தி விட்டுடலாம். தின்னாத பன்னிய வெச்சு என்ன பண்றது?”

லாரி இறைச்சிக்கூடத்துக்குப் போகும் என்று நெய்வாவுக்குத் தெரியும்.

“அக்கா, நம்ம எருது பரோசோவும் அதே சோளத்தத்தானே தின்னான்? அவனுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?”

“அவன் எருது.”

“எருதுன்னா?”



மறுநாள் காலை எருதுக்கென்று வைத்திருந்த பூசணிக்காய்கள் கோர்தாவின் தொட்டியில் கிடந்தன. கோர்தா சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தது. மாத்தே பானக் குவளையோடு அப்பா வந்து நின்றார்.

“எருதோட பூசணிய யாரு எடுத்தது?”

“எடுக்கல அப்பா. சோளத்த அவனுக்குக் குடுத்து மாத்திக்கிட்டேன்.”

“அவன் சரின்னு சொன்னானா?”

“வேணாம்னு சொல்லல.”

அப்பா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பூசணி நாளைக்குத் தீந்துடும். அப்புறம்?”

நெய்வா சாலைக்கு ஓடினாள். கால்நடை மருத்துவர் லெயோனில்டாவின் பழைய ஜீப் வழக்கம்போல அந்த வழியாக வந்தது. கைகளை விரித்து நடுவில் நின்றாள்.

“ஏய் வாலு, இந்த வண்டியில பிரேக் சரியில்ல, தெரியுமா?”

நெய்வா எருதைப் பற்றிக் கேட்டாள். லெயோனில்டா வண்டியின் இன்ஜினை அணைத்தார்.

“பூஞ்சணம் சோளத்துல விஷத்தை விட்டுடுது. எருது வயித்துல கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடித்தனம் இருக்கு. அதுங்ககிட்ட நொதின்னு ஒண்ணு உண்டு. கத்திரிக்கோல் மாதிரி விஷத்தை நறுக்கிடும். பன்னி வயித்துல அப்படிப்பட்ட ஆளுங்க கம்மி.”

“அப்ப அங்கிருந்து கொஞ்சம் பேரக் கோர்தா வயித்துக்கு அனுப்பினா?”

லெயோனில்டா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

“அதத்தான் ஆராய்ச்சிக்கூடத்துல செஞ்சிருக்காங்க. மாட்டு வயித்துல இருந்ததை வளர்த்து, உலர்த்தி, பொடியாக்கியிருக்காங்க. போன மாசமே உங்கப்பாகிட்ட சொன்னேன். பொடி போட்டா பன்னி வளக்குறதுன்னு சிரிச்சாரு. ஆனா இது மந்திரம் இல்லடி. ரொம்பக் கெட்ட கதிரையெல்லாம் பொறுக்கி எறிஞ்சிடணும்.”

அன்று மதியம் எல்லாரும் கதிர் உரித்துப் பொறுக்கினோம். அப்பாவும் வந்து உட்கார்ந்தார்.

நல்ல மணிகளை அரைத்த மாவில் நெய்வா முழங்கைவரை கையை விட்டுப் பொடியைக் கலந்தாள். கோர்தா மூக்கை நுழைத்தது. வெளியே எடுத்தது. நெய்வாவைப் பார்த்தது.

“புது ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் இடம் குடேன்” என்று அதன் காதில் சொன்னாள்.

கோர்தா ஒரு வாய் தின்றது. பிறகு இன்னொரு வாய். வாந்தி வரவில்லை.

சனிக்கிழமை லாரி வந்து ஹாரன் அடித்தது. அப்பா கையை உயர்த்தியபடி ஓடினார்.

“ஹாரன் அடிக்காத, அடிக்காத.”

“பன்னி எங்க?” என்றார் ஓட்டுநர்.

“மெதுவாப் பேசு” என்றார் அப்பா. “சாப்பிட்டுக்கிட்டிருக்கா.”