முகத்துக்கு ஏற்ற கை

ஓவியத்தில் இருந்த கை நேற்று இருந்த இடத்தில் இல்லை. காலையில் ஜன்னலைத் துடைக்க வந்த ஹெஸ்டர் தற்செயலாகத்தான் திரும்பிப் பார்த்தாள். சிறுமியின் தோளில் பட்டும் படாமலும் இருந்த விரல்கள் ஒரு விரற்கடை மேலேறி, கழுத்து லேஸைத் தொட்டுக்கொண்டிருந்தன.

அது அவளுடைய கை. லண்டனில் பெரிய ஓவியர்கள் முகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். உடுப்பும் கையும் அவள் புருஷன் ஜோனஸ் போன்றவர்களின் வேலை. கவுனை மாட்டிவைத்து வரைய மரப்பொம்மை, கைக்குப் பெண்டாட்டி. ஊரில் பாதிச் சீமாட்டிகள் ஹெஸ்டரின் கையோடுதான் சுவரில் தொங்குகிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்தப் படத்தில் இருப்பது லேடி ஆகஸ்டாவும் அவள் கணவனின் மூத்தாள் மகளும். முகங்களை வரைந்த பென்ரோஸ் போன வாரம் படத்தை இங்கே இறக்கிவைத்துவிட்டு, கைகளைக் கைக்குட்டையால் நெடுநேரம் துடைத்தார். "பார்த்ததைத்தான் வரைஞ்சேன் ஜோனஸ். முகத்துக்கு ஏத்த கையா போட்டுடு" என்றார். ஆகஸ்டாவின் முகம் அழகுதான், புன்னகையிலும் குறையில்லை. கண்கள் மட்டும் குனிந்து அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீதான் அசைஞ்சிருப்பே" என்றான் ஜோனஸ், அவள் கூப்பிட்டுக் காட்டியபோது.

"நான் உட்கார்ந்தா கல்லு மாதிரி உட்காருவேன். உங்களுக்கே தெரியும்."

"அப்ப பேய் வந்து வரைஞ்சுட்டுப் போச்சா? சாயங்காலம் வண்டி வந்துடும். சுரண்டிட்டு மறுபடி போடறேன், உட்காரு."

சிறுமியின் அங்கியை மாட்டிய சின்ன மரப்பொம்மையின் தோளில் ஹெஸ்டர் கையை வைத்தாள். ஆளிவிதை எண்ணெயின் வாடை, தெருவில் நண்டு விற்கிறவளின் நீண்ட கூவல், ஜன்னலுக்கு வெளியே கரிப்புகை கலந்த மூடுபனி, தூரிகை துணியில் உரசுகிற சத்தம் என்று எல்லாம் பழகியவைதான். ஆனாலும் எதிரே படத்தில் இருந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, கை மணிக்கட்டோடு முடிந்துபோய் அதற்கப்பால் வேறு யாருடையதோ தொடங்குவதுபோல் மரத்துக்கொண்டே வந்தது.

படக்கென்று ஒரு சத்தம். பொம்மையின் தலை தரையில் உருண்டது. அவள் நகங்களுக்குள் மரச்சிராய் ஏறியிருந்தது. அழுத்தியதாக அவளுக்கு நினைவே இல்லை.

ஜோனஸ் பொம்மையைத் திட்டினான், அதைச் செய்த தச்சனைத் திட்டினான், பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "ஃபீபி, இங்க வாடி தங்கம். அம்மாகிட்ட நில்லு."

ஹெஸ்டர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். "வேண்டாங்க. குழந்தை வேண்டாம்."

"ஏன்?"

"பயமா இருக்குங்க. இது என் கை மாதிரியே இல்ல."

"கையை என்ன, வாடகைக்கா விட்டிருக்கே? அரை மணி நேரம். பனி மூடி வெளிச்சம் போகுது."

படத்தில் வரப்போகிற சந்தோஷத்தில் ஃபீபி ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள். ஐந்து வயது. வாயில் இஞ்சி ரொட்டி. ஹெஸ்டர் கையைப் பின்னால் இழுக்கத்தான் நினைத்தாள். அது முன்னால் போய்த் தோளில் அமர்ந்தது.

"அம்மா, கை ஜில்லுன்னு இருக்கு."

எடுத்துவிடு. எடு. விரல் ஒன்று நகர்ந்தது. மேலே. லேஸ் இல்லாத வெறும் கழுத்து. இளஞ்சூடு. அதன் கீழே துடிப்பு.

ஜோனஸைக் கூப்பிட வாயைத் திறந்தாள். உதடுகள் விரிந்தன. புன்னகையாக. கண்கள் தாமாகக் குனிந்தன.

இன்னொரு விரல். இன்னொன்று.

இஞ்சி ரொட்டி தரையில் விழுந்தது.

"அசையாதே ஹெஸ்டர்" என்றான் ஜோனஸ், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பத்தான் முகத்துக்கு ஏத்த கையா வருது."