பரிவு உபரி

கால்வாய்க் கிழக்குக் குடியிருப்பில் யாராவது யாருக்காவது ஒரு டம்ளர் மோர் கொடுத்தால்கூடக் கூரையில் பச்சை விளக்கு மினுக்கும். அதுதான் பரிவுமானி. காலடி, குரல், தூக்கிய பாரம் எல்லாவற்றையும் உணர்ந்து, இன்னார் இன்னாருக்கு உதவினார் என்று கண்டுபிடித்துவிடும். உதவியவர் வசிக்கும் குடியிருப்பின் கணக்கில் மதிப்பெண் ஏறும், மானியின் முள்ளும் உயரும். மாட்டிய புதிதில் சனங்களுக்கு ஒரே பெருமை. எந்த மாடியில் அதிகம் மினுக்குகிறது என்று போட்டியே நடந்தது. அரசாங்கம் எதற்கு இதை ஓசியில் மாட்டிவிட்டுப் போகிறது என்று ஒரு ஆளாவது யோசித்திருக்க வேண்டாமா?

நிதிநிலை அறிக்கை வந்ததும் விளங்கியது. மக்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு அரசும் ஆள் அனுப்புவது இரட்டைச் செலவாம். கிழக்கில் பரிவு உபரியாக இருக்கிறதாம். எனவே, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வரும் இல்லப் பணியாளர்கள் உபரி தீரும்வரை வரமாட்டார்கள். வெட்டு என்ற சொல் அறிக்கையில் எங்கும் இல்லை. அதில் மட்டும் கெட்டிக்காரர்கள்.

நான்காம் மாடி ஜெபராஜுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவன். தனியாள். பகலெல்லாம் யாராவது புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை அப்படியாகி, பிழைத்ததே பெரும்பாடு. பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் காலையும் மாலையும் பார்த்துக்கொள்வாள். பகலில் அவள் துணிக்கடையில் நின்றால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும்.

அவள்தான் எல்லோரையும் திரட்டினாள். நாற்காலியோடு ஜெபராஜைத் தூக்கி மாடியிறக்கி, வெயிலில் மாற்றி மாற்றிக் குடைபிடித்து, நலத்துறை அலுவலகத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். பொறுமையாகக் கேட்டார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் உங்க ஏரியாவோட கணக்கு உச்சத்துல இருக்கும்மா," என்றார். "இவ்ளோ பேர் சேர்ந்து தூக்கிட்டு வந்திருக்கீங்க. இதுக்கு மேல அவருக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு?"

தனபாக்கியத்துக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. திரும்பும்போதும் தூக்கிக்கொண்டுதானே வர வேண்டும்? அதுவும் கணக்கில் ஏறியது.

மிச்சமிருந்தது ஒரே வழி. யாரும் யாருக்கும் உதவாமல் இருப்பது. மானியின் முள் தரைக்கு வரும்வரை, அடுத்த வீட்டில் என்ன நடந்தாலும் அசையக் கூடாது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் அவளைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒத்துக்கொண்டவன் ஜெபராஜ்தான்.

"நான் கத்துவேன்க்கா. கத்தினாலும் வராதீங்க," என்றான். "வந்தீங்கன்னா எல்லாம் வீணாப்பூடும்."

கத்தத்தான் செய்தான். தனபாக்கியம் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்ன ஓடியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. வாசலில் அழும் பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூடத் தூக்காமல் தாண்டிப் போனார்கள். பாவம், குழந்தைக்கு என்ன தெரியும்?

அன்று மாலையே கால்வாய்ப் பாலத்தில் ஆட்கள் வந்தார்கள். மேற்குக் குடியிருப்புக்காரர்கள். முன்னால் நூர்ஜகான் என்ற பெண், கையில் கஞ்சிப் பானையோடு. வெளியாட்கள் செய்தால் கிழக்கின் கணக்கில் ஏறாது, அதனால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். ஜெபராஜைப் புரட்டிப் போட்டார்கள், துடைத்துவிட்டார்கள், ஊட்டினார்கள். மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். தனபாக்கியம் கதவிடுக்கில் பார்த்து அழுதாள். நன்றி சொல்லக்கூட வெளியே வரவில்லை. நன்றி சொன்னால் விளக்கு மினுக்குமோ என்று பயம்.

முள் இறங்கியது. துறை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. உபரி தீர்ந்துவிட்டதாக அறிவித்து, ஜெபராஜ் வீட்டுக்குப் பணியாளரை அனுப்பியது. முன்பு வந்தவள் இல்லை, புதியவள். தனபாக்கியம் சந்தோஷத்தில் அவளை எந்த ஊர் என்று விசாரித்தாள்.

"ஊர் இருக்கட்டும்க்கா," என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நேத்து வரைக்கும் கால்வாய்க்கு அந்தாண்டதான் இருந்தேன். நூர்ஜகான் அம்மாவோட பொண்ணு இருக்குதே, படுத்த படுக்கையா, அதப் பார்த்துட்டு இருந்தேன். அங்க உபரி ஏறிடுச்சாம். இங்க மாத்திட்டாங்க."

தனபாக்கியம் அன்று வேலைக்குப் போகவில்லை. பாலத்தைக் கடந்து போக இரண்டு முறை செருப்பை மாட்டினாள், இரண்டு முறையும் கழற்றினாள். போய் ஒரு கை கொடுத்தால் ஜெபராஜின் ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். போகாவிட்டால் அவள் என்ன மனுஷி?

சாயங்காலம் நூர்ஜகானே வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று தனபாக்கியம் நினைத்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனி எங்க பக்கமும் உங்கள மாதிரி யாரும் யாருக்கும் உதவாம இருக்கணும்னு பேசிட்டோம்க்கா," என்றாள். "வீட்டுல இருக்கறப்ப எம்பொண்ண நானே பார்த்துக்குவேன், நான் வேலைக்குப் போற நேரம்தான் கஷ்டம். அந்நேரம் அவ கூப்பிட்டா யாரும் போகக் கூடாது. முடியல. எதிர் வீட்டுக்காரி ஓடிப் போயிடுறா. நீங்கல்லாம் எப்பிடிக்கா சத்தம் கேட்டும் சும்மா இருந்தீங்க? அத மட்டும் சொல்லிக் குடுங்க."



"நாங்க எங்கடி சும்மா இருந்தோம்?" என்றாள் தனபாக்கியம். "மொத நாளே நீங்க வந்துட்டீங்க. அப்புறம் நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுதான் இருந்தோம்."

நூர்ஜகான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தனபாக்கியம் அருகில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கூரையில் பச்சை விளக்கு மினுக்கியது. நூர்ஜகான்தான் முதலில் அதைப் பார்த்தாள். மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா," என்றாள். "உங்க கணக்குல ஏறிடும்."