பின்சீட்டில் நடு இடம்

"கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன். இடிக்குது," என்றாள் சியாமளா.

ஜம்புநாதன் திரும்பிப் பார்த்தார். அவர் டாக்ஸியின் வலது கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தார், அவள் இடது கதவோடு. நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

"எங்க இடிக்குது? நான் இங்கதானே இருக்கேன்."

அவள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

1974 பிப்ரவரி. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. டோர்வால் விமான நிலையத்திலிருந்து வில்லரே பகுதியில் இருந்த தங்கள் வீட்டுக்குப் போகும் சாலையில், பனிப்புயலுக்குள் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஹீட்டரின் புழுங்கிய காற்று, நனைந்த கம்பளி, டிரைவரின் சிகரெட் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. இரண்டு நாள் வெயிலில் கிடந்த இறால் மேல் யாரோ மலிவான சென்ட்டைக் கொட்டியதுபோல, இனிப்பாக, தொண்டையின் பின்புறம் பசையாக ஒட்டிக்கொள்ளும் நாற்றம். இருபது வருடமாக டாக்டராக இருப்பவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு அழுகும் சதை.

மெக்சிகோ கடற்கரையில், அகபுல்கோவில், பத்து நாள் விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே டாக்ஸியில் இடமிருக்கும்வரை வழியில் கை காட்டுபவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்வார்கள். முதல் நாளே மீன்கூடையோடு ஒருத்தி ஏறி, அவர் தொடையோடு தொடை ஒட்ட உட்கார்ந்தாள். அன்று மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தார். மறுநாளிலிருந்து எல்லா இருக்கைக்கும் அவரே காசு கொடுத்துவிடுவார். வேறு யாரையும் ஏற்றக்கூடாது.

முந்தாநாள் மலைச்சாலையில் ஒரு மீனவன் கை காட்டினான். ஒற்றைக் காலில் நின்றான். மற்ற காலில் சுற்றியிருந்த துணி மஞ்சளும் பச்சையுமாக ஊறிப்போய், ஈ மொய்த்தது. துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் கறுத்திருந்தன. டிரைவர் பின்னால் திரும்பி ஜம்புநாதனின் முகத்தைப் பார்த்தான். மீனவன் பாதி இறங்கியிருந்த கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இன்றே அந்தக் காலை வெட்டி எடுத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் மூன்று நாள்தான் என்று ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

"என்னங்க அது, காலு அப்படி இருக்கு? ஒரு பார்வை பாத்திருக்கலாமே," என்றாள் சியாமளா.

"சேத்துப்புண். இங்க எல்லாருக்கும் இருக்கும்."

அவள் நம்பினாள். ராத்திரி எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற டாக்டர் என்றுதான் ஊரெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மை தெரியக்கூடாது. அவளிடம் காட்ட அவருக்கு வேறு முகம் கிடையாது.

இன்று மூன்றாம் நாள்.

டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பினான். பனி உள்ளே சிதறியது. பின்சீட்டைக் காட்டும் சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டான்:

"நடுவில் இருப்பவருக்கு உடம்பு சரியில்லையா? வாந்தி வந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். என் சீட் நாசமாகிவிடும்."

ஜம்புநாதன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாற்றம் நாக்கில் ஏறும். சீட்டின் ரெக்ஸின் மெல்ல அமுங்கி முனகியது. அவர் இடது தொடையில் சூடு பரவியது. காய்ச்சல் சூடு. பிறகு ஈரம். கொழகொழவென்று, பேன்ட் துணியை ஊடுருவி, முழங்கால் வழியாகக் கீழே இறங்கி, சாக்ஸுக்குள்.

பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது.

ஜான்-டலோன் சந்தையின் விளக்குகள் கடந்து போயின. ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஓரக்கண்ணில் ஒரு முழங்கால். இருட்டு. மறுபடி முழங்கால்.

வண்டி நின்றது. வீடு. சியாமளா இறங்கினாள். டிரைவர் பெட்டிகளை எடுக்கப் பின்னால் போனான். ஜம்புநாதன் தன் பக்கத்துக் கதவுப் பிடியை இழுத்தார். உறைந்திருந்தது. மறுபடி இழுத்தார். திறக்கவில்லை. சியாமளா இறங்கிய பக்கமாக இறங்க வேண்டுமானால் நடு இடத்தைத் தாண்ட வேண்டும்.

"சியாமளா!"

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். முடியெல்லாம் பனி. அவரைப் பார்க்கவில்லை. நடு இடத்தை, அதற்கும் கீழே, நிதானமாகப் பார்த்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சேத்துப்புண்ணுன்னு சொன்னீங்க."

"வண்டியை விட்டு முதல்ல என்னை..."

"நீங்க டாக்டர்தானே. பாருங்க."

கதவைச் சாத்தினாள்.

கனமான ஒன்று எழும்பியது. மெதுவாக. அவர் மடியில் வந்து இறங்கியது. துணி அவிழ்ந்து தொங்கியது. தோளில் ஒரு தலை சாய்ந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்தான். பின்னால் திரும்பி ஜம்புநாதனின் முகத்தைப் பார்த்தான். காத்திருந்தான்.

நாடி பார்க்கக் கை தானாகப் போனது. இருபது வருடப் பழக்கம். இரண்டு விரல்கள் பாதத்தின் மேல்புறத்தைத் தொட்டன; தோல் தடுக்கவில்லை. ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல உள்ளே போயின, எலும்புவரை. அங்கே, எலும்பின் ஓரத்தில், நாடி துடித்துக்கொண்டிருந்தது.